பிள்ளைகளோடு மலாவிக்கு ஊழியத்துக்குப் போகிறோம்: மூத்தவளை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா?

நெல்லைமகள் | ஜனவரி 9, இரவு 10.14

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு மலாவி நாட்டில் ஒரு வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்த அழைப்பு வந்திருக்கிறது. முதலில் 3 வருடம். நான் பள்ளி ஆசிரியை. அங்கே எனக்கென்று வேலை எதுவும் சொல்லவில்லை, தாளில் "உடன் செல்பவர்" என்று மட்டும் போட்டிருக்கிறது. மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. மகனுக்கு 4.

வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். "நீங்க ரெண்டு பேரும் ஊழியத்துக்குப் போங்க, பொம்பளப் பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள் அத்தை. மிஷனெரி பிள்ளைகளுக்கென்றே நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். வடக்கே ஊழியத்துக்குப் போன எங்கள் சபைக் குடும்பங்கள் நிறையப் பேர் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளும் நன்றாகப் படித்து வந்தார்கள்.

சாட்சிக் கூட்டங்களில் நிறையக் கேட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு. காலையில் எழுந்தால் அங்கே என்ன நடக்கும்? என்ன சமைப்பது, யாரோடு பேசுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ஆப்பிரிக்காவில் குடும்பமாக இருந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

சோம்பா அக்கா | ஜனவரி 9, இரவு 11.52

தங்கச்சி, நாங்கள் மலாவியில் சோம்பா ஊரில் 11 வருடம் இருந்தோம். இப்போது நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டோம். சோம்பா மலையடிவாரத்து ஊர். 1975 வரைக்கும் அதுதான் நாட்டின் தலைநகரம், அப்புறம்தான் லிலோங்வேக்கு மாற்றினார்கள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. கேட்டபடியே காலையிலிருந்து சொல்கிறேன்.

விடிவதற்கு முன்னால் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். எல்லா வீட்டுப் பெண்களும் முற்றம் பெருக்குவார்கள். செம்மண் தரையில் விசிறி விசிறிக் கோடு விழும். நான் முதல் வாரமே கோலமாவு இல்லாமல் கை பரபரத்து நின்றேன், ஆனால் பெருக்குவதில் ஒட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ம்வாட்சுக்கா ப்வாஞ்சி?" என்று கேட்பார்கள். எப்படி எழுந்தீர்கள் என்று அர்த்தம். நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் நேராக "உப்பு இருக்கா" என்று கேட்டால் மரியாதை இல்லை. கதவைத் தட்டுவதும் கிடையாது. வாசலில் நின்று "ஓடி" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே வரலாமா என்று கேட்பது.

சமையல் விஷயத்தில் பயப்படவே வேண்டாம். அவர்கள் சாப்பாடு ன்சீமா. மக்காச்சோள மாவில் கிண்டுகிற களிதான். கையால் உருட்டி, கீரையிலோ மீனிலோ தொட்டுச் சாப்பிடுவது. பூசணி இலையை நிலக்கடலை மாவு போட்டு வேகவைப்பார்கள், அவ்வளவு ருசி. ஏரியில் பிடிக்கிற உசிபா என்ற குட்டி மீனைக் காயவைத்து விற்பார்கள், நம் நெத்திலிக் கருவாடு மாதிரியே. மரவள்ளிக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். கரோங்கா பக்கத்திலிருந்து கிலோம்பேரோ என்று ஒரு அரிசி வரும், வேகும்போதே மணக்கும். உளுந்து, புளி, கடுகுக்கு மட்டும் லிம்பேயில் குஜராத்திக்காரர் கடைகளுக்குப் போக வேண்டும்.

அப்புறம் நந்தோலோ. இதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். போன புதிதில் சாம்பாருக்கு ஏங்கிப்போனேன். கடையில் பருப்பு விலை கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் ஏதோ பயறு அவித்துக் கொடுத்தார்கள். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, துவரை! தெற்கு மலாவி முழுக்கச் சோளத்துக்கு ஊடே துவரைதான் நிற்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கே கப்பல் ஏறுகிறது. அவர்கள் முழுசாக அவித்துச் சாப்பிடுவார்கள், உடைத்துப் பருப்பாக்குகிற வழக்கம் இல்லை. நான் அவர்களுடைய உரலை வாங்கி, ஊறவைத்துக் காயவைத்த துவரையைப் போட்டுப் பக்குவமாக இடித்து, முறத்தில் புடைத்து எடுத்தபோது தெருவே வந்து பார்த்தது. அன்று வைத்த சாம்பாரை 14 பேர் சாப்பிட்டோம். எனக்கு அந்தத் தெருவில் சிநேகிதம் கிடைத்தது அந்த உரலடியில்தான், சபைக் கோயிலில் அல்ல.

மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். கரி அடுப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ம்பவுலா என்பார்கள், நம் குமுட்டி அடுப்பேதான்.

மூத்தவள் விஷயம் நாளைக்கு எழுதுகிறேன். அதை அவசரமாக எழுதக் கூடாது.

வார்டு டாக்டர் | ஜனவரி 10, காலை 6.40

ஜாம்பியாவில் மிஷன் ஆஸ்பத்திரியில் 6 வருடம் குழந்தைகள் வார்டு பார்த்தவன். காய்ச்சலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மழைக்காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அப்போதுதான் மலேரியா ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சாயங்காலம் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே விரலில் குத்திப் பரிசோதனை செய்யுங்கள். சாதாரண மலேரியாவுக்கு ஆர்ட்டிமீத்தர், லூமிஃபாண்ட்ரின் சேர்ந்த மாத்திரை, 3 நாளில் 6 வேளை. இரண்டாவது வேளை முதல் வேளையிலிருந்து 8 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். பால் அல்லது கொஞ்சம் எண்ணெய்ச் சத்துள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் மருந்து உடம்பில் சேரும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள். பிள்ளை மாத்திரையைக் கக்கினால், துவண்டு போனால், வலிப்பு வந்தால் அது வீட்டில் பார்க்கிற காய்ச்சல் அல்ல, உடனே ஆஸ்பத்திரி.

தடுப்பு மாத்திரை வயதுக்கு வயது வேறு. டாக்சிசைக்ளின் 8 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, ஆகவே தம்பிக்கு வேறு மருந்து. கிளம்புவதற்கு முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள். கொசுவலைக்குள் தூங்குவதை இங்கேயே பழக்கிவிடுங்கள்.

ஒரு சந்தோஷச் செய்தியும் உண்டு. மலேரியாத் தடுப்பூசியை வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளோடு சேர்த்துப் போடும் முயற்சி 2019 ஏப்ரலில் மலாவியில்தான் முதலில் தொடங்கியது. வார்டில் கைக்குழந்தைகளை இழந்த தாய்மாரைப் பார்த்தவனுக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

விடுதிப்பையன் | ஜனவரி 10, மதியம் 1.05

அக்கா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவன் நான். அப்பா அம்மா தான்சானியா போனபோது எனக்கு 9 வயது, தம்பிக்கு 2. என்னைத் தமிழ்நாட்டில் ஒரு விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இப்போது 38.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. வார்டன் அம்மா நல்லவர்கள். எனக்கு அம்மை போட்டபோது 9 நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தார்கள். படிப்பு கிடைத்தது, பாட்டு கிடைத்தது, உயிரைக் கொடுக்கிற நண்பர்கள் கிடைத்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் கடிதம் எழுத வேண்டும். கரும்பலகையில் எழுதிப்போட்ட முதல் வரியைப் பார்த்து எழுதுவோம்: "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் இங்கே கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன்." அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அழுகை வருகிறது என்று எழுதினால் அப்பாவின் ஊழியத்துக்குத் தடையாகிவிடும் என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். 9 வயதில் அதை அப்படியே நம்பினேன்.

2 வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தார்கள். ரயில் நிலையத்தில் அம்மா தம்பியிடம் ஏதோ சொல்ல, அவன் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சுவாஹிலியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் அம்மாவுக்கும் என் தம்பிக்கும் எனக்குத் தெரியாத ஒரு மொழி இருந்தது. அந்த ஒரு நிமிடம் இன்னும் எனக்குள் அப்படியே நிற்கிறது.

அப்பா அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததில் நல்லதைச் செய்தார்கள். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிவெடுப்பதற்கு முன்னால் மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் முடிவை அவள் தலையில் கட்டாதீர்கள். 11 வயதுப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும்.

கேள்விக்காரன் | ஜனவரி 10, இரவு 9.30

புண்படுத்த எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். மலாவியில் பெரும்பாலான மக்கள் ஏற்கனவே கிறிஸ்தவர்கள். 1875இல் லிவிங்ஸ்டோனியா மிஷன், 1876இல் பிளாண்டயர் மிஷன் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் போய் 150 வருடம் ஆகிறது. பிளாண்டயரில் இருக்கும் புனித மிக்கேல் ஆலயத்தை 1888 முதல் 1891க்குள் அந்த ஊர் ஆட்களே செங்கல் சுட்டுக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நாம் எதற்குப் போக வேண்டும்?

இன்னொன்று. அங்கே சிலெம்ப்வே என்று ஒரு கறுப்பினப் போதகர் இருந்தார். தோட்ட முதலாளிகள் கூலிகளை வதைத்ததை எதிர்த்து 1915 ஜனவரியில் எழுச்சி நடத்தினார், அதில் உயிரும் விட்டார். இன்றைக்கும் ஜனவரி 15 அவர் பெயரில் அரசு விடுமுறை, அந்த நாட்டுப் பண நோட்டிலும் அவர் முகம். அந்த மண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறார்களா?

சோம்பா அக்கா | ஜனவரி 11, காலை 5.20

கேள்விக்காரன் தம்பி, நியாயமான கேள்வி. கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். போதகரை அங்கே அபூசா என்பார்கள். மேய்ப்பர் என்று அர்த்தம், நாம் சொல்கிற அதே மேய்ப்பர். என் கணவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் பெரியவர்கள், சைக்கிளில் எட்டு பத்துச் சபைகளைச் சுற்றி வருகிறவர்கள். எபிரெய இலக்கணம் அவர் சொல்லிக்கொடுத்தார். சாவு வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கூப்பிட்டார்கள், போனோம். கூப்பிடுகிற வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான் என் பதில்.

சாவு வீடு என்று சொன்னேன் அல்லவா, அதை எழுதியே ஆக வேண்டும். போன முதல் வருடம், நாலு வீடு தள்ளி ஒரு கைக்குழந்தை இறந்துவிட்டது. அன்று என் மகளுக்கு வீட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழக்கமில்லாத வீடு, மொழியும் தெரியாது, போய் என்ன செய்வது என்று இருந்துவிட்டேன். மறுநாள் பணம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வாரம் எங்கள் வாசலில் "ஓடி" என்ற குரலே கேட்கவில்லை. அப்புறம் கல்லூரிச் சமையல்காரம்மாதான் வந்து சொன்னார்கள்: "நீங்கள் பேச வேண்டாம். தரையில் எங்களோடு உட்கார்ந்திருந்தால் போதும்." அங்கே சாவு என்றால் பெண்கள் அந்த வீட்டுக்குள் தரையில் உட்காருவார்கள், இரவும் அங்கேயேதான். மாவு, விறகு, தண்ணீர் எல்லாம் அக்கம்பக்கம் கொண்டு வரும். அடுத்த சாவுக்கு நான் சிதேஞ்சே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி ஒன்றும் பேசாமல் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.

இன்னொரு தப்பும் செய்தேன். ஆதரிக்கிற சபைகளுக்கு மாதாமாதம் ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும், அதற்குப் படம் வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுமி கிழிந்த சட்டையோடு தண்ணீர் குடம் சுமந்து வந்ததைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். காணிக்கை கூடவே வந்தது. அந்தப் படம் யார் யார் கைக்கோ போய் வாட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடமே வந்து சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. "அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடுத்திவிட்டிருப்பேனே" என்றார். அதற்குப் பிறகு கேட்காமல் யாரையும் படம் எடுத்ததில்லை. நீங்கள் ஜெபக் கடிதம் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. உங்கள் பிள்ளை படத்தை அப்படிப் போடுவீர்களா?

இப்போது மூத்தவள் விஷயம். எங்கள் மகளுக்கும் போகும்போது 10 வயது. கூட்டிக்கொண்டு போனோம். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் எங்களால் முடியாது. அரசுத் தொடக்கப்பள்ளியில் 1994லிருந்து கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல், சின்ன வகுப்புகளில் சிச்சேவா மொழியில் பாடம். மகனை அங்கே சேர்த்தோம். 3 மாதத்தில் அவன் சிச்சேவா பேசினான். மகளுக்கு வீட்டில் நானே நடத்தினேன். அதுதான் அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. தம்பிக்குத் தெரு முழுக்க நண்பர்கள், அவளுக்கு நான் மட்டும். ஒருநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு, "நீங்க எனக்கு அம்மாவா, டீச்சரா? ரெண்டில் ஒண்ணா இருங்க" என்றாள். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மகள்கள் படித்த ஒரு சிறிய தனியார் பள்ளியில் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

ஆகவே கூட்டிக்கொண்டு போவதோடு முடிந்துவிடாது. அவளுக்கு அவள் வயதில் ஒரு சிநேகிதி வேண்டும். போவதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதி, ஆசிரியர் குடும்பங்களில் 10, 12 வயதுப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 11, மாலை 4.15

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் நீங்கள் பேசுகிற எல்லாமே 200 வருடத்துக்கு முன்னால் மொஃபட் குடும்பத்திலும் நடந்தது.

ராபர்ட் மொஃபட்டும் மேரியும் 1819இல் கேப் டவுனில் திருமணம் செய்தவர்கள். இன்றைய தென்னாப்பிரிக்காவின் குருமானில் ஒரு பெரிய ஊற்றை ஒட்டி மிஷன் அமைத்தார்கள். ராபர்ட் அந்த ஊர் மக்களின் த்ஸ்வானா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்து 1857இல் முடித்தார். அந்த அம்மாள் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வாரம் ஒருமுறையாவது அறைத் தரைகளைச் சாணியால் மெழுகுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். முதலில் அருவருப்பாக இருந்ததாம். பிறகு பார்த்தால் புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி அண்டவில்லை, பச்சைப் பசேலென்று பார்க்கவும் அழகு! நம் பாட்டிமார் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை, அங்கே போய்ப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

அவர்களுடைய மூத்த மகள் மேரி 1821இல் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர். த்ஸ்வானா அவருக்குத் தாய்மொழி போல. 1845இல் மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனைத் திருமணம் செய்தார். அவர்கள் குடியிருந்த கொலொபெங்கில் சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் வீட்டிலேயே செய்தார்கள். கரையான் புற்றைக் குடைந்து அதையே ரொட்டி அடுப்பாக்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மேரி பள்ளி நடத்தினார். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கர்ப்பமாக இருந்த மனைவியையும் பிள்ளைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கலஹாரிப் பாலைவனம் கடந்தார் லிவிங்ஸ்டன். 1850இல் பிறந்த பெண் குழந்தை ஆறு வாரத்தில் இறந்தது. அடுத்த வருடமும் கிளம்பியபோது மாமியார் மொஃபட் அம்மாள் கடுமையாகக் கடிதம் எழுதினார். லிவிங்ஸ்டன் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில் ஆற்றங்கரையில் இன்னொரு மகன் பிறந்தான்.

1852இல் மனைவி பிள்ளைகளைப் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிவிட்டார். அங்கே மேரிக்குச் சொந்த வீடு இல்லை, கையில் காசு இல்லை, அந்த நாடும் பழக்கமில்லை. நாலரை வருடம் அப்படியே போனது. கடைசியில் 1862இல் ஜாம்பெசி ஆற்றோரம் ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். மூத்த மகன் ராபர்ட் தகப்பனைத் தேடிப்போய்ச் சேர முடியாமல், அமெரிக்கா போய், வேறு பெயரில் உள்நாட்டுப் போரில் சேர்ந்து, 1864இல் கைதிகள் முகாமில் 18 வயதில் உயிர்விட்டான். லிவிங்ஸ்டன் அடிமை வியாபாரத்தை உலகுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியவர், அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்தப் பையனின் கதையைப் படித்த இரவில் நான் தூங்கவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு எதிர்ப்படம் உண்டு. நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயரின் மகள் எலைசா இங்கேயே வளர்ந்தவர், தமிழ் அவருக்குச் சரளம். 1844இல் கால்டுவெல்லைக் கைப்பிடித்து இடையன்குடிக்கு வந்தார். கணவர் இலக்கணம் எழுதினார், இவர் பெண்களுக்குப் பள்ளியும் பின்னல் வேலையும் சொல்லிக்கொடுத்தார். மேரி, எலைசா இருவருமே மிஷனெரி வீட்டில் பிறந்து, ஊர் மொழியைச் சரளமாகப் பேசியவர்கள். ஒருத்திக்கு ஒரே ஊரில் வீடு அமைந்தது, மற்றவளுக்கு அமையவில்லை.

அத்தையின் பேச்சைத் தட்டிவிடாதீர்கள் அம்மா. மொஃபட் அம்மாள் எழுதிய கடிதமும் இதே பாசத்தில் வந்ததுதான்.

நெல்லைமகள் | ஜனவரி 13, இரவு 9.48

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். விடுதிப்பையன் தம்பி எழுதியதை என் கணவரும் படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நேற்று மகளோடு மாடியில் உட்கார்ந்து பேசினேன். முதலில், "நீங்க எப்படிச் சொன்னாலும் சரிம்மா" என்றாள். தம்பி சொன்ன மாதிரியே. நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வந்தா அங்கே எனக்கு வேலை இருக்குமா? அப்பா பாடம் நடத்துவாங்க, தம்பி விளையாடுவான், நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கும் உள்ள கேள்விதான். நானும் "உடன் செல்பவர்" தானே.

கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன், அக்கா சொன்னபடி. 12 வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம்.

விடுதிப்பையன் | ஜனவரி 13, இரவு 10.30

அக்கா, அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து இதே கேள்வியை மறுபடி கேட்போம், அப்போது நீ மனசை மாற்றிக்கொள்ளலாம் என்று. எனக்கு அந்தக் கதவு திறந்திருந்ததா என்றே தெரியாது. திறந்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கடிதங்களை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

சோம்பா அக்கா | ஜனவரி 14, காலை 5.05

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, முக்கியமானது. ஈரத்துணியை வெளியே காயப்போட்டால் ஒரு வகை ஈ அதில் முட்டை வைக்கும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டி மாதிரி வீங்கும். என் மகன் முதுகில் 5 வந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, உற்றுப் பார்த்தால் உள்ளே அசையும். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா வாசலில் உட்கார்ந்து, துளையின் மேல் வாஸ்லீன் தடவி, புழு மூச்சுக்குத் தலையை நீட்டும் வரை காத்திருந்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பையன் அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து போர்வை, உள்ளாடை உட்பட எல்லாத் துணிக்கும் இஸ்திரி. சூடு பட்டால் முட்டை செத்துவிடும். மின்சாரத்தை நம்ப முடியாது, கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி அங்கேயே கிடைக்கும். ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் உட்கார்ந்து தேய்ப்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் என் ஜெப நேரமும். ஒவ்வொரு சட்டையாக எடுத்து அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்பேன்.

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் அடித்தபோது பள்ளிகளிலும் கோயில்களிலும் வீடிழந்தவர்கள் வந்து தங்கினார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் 5 வாரம் இருந்தார்கள். என் மகள் தன் அறையைக் கொடுத்துவிட்டு எங்களோடு தரையில் படுத்தாள். ஊரிலிருந்து கொண்டுபோன பெட்டி பெட்டியான சாமான் எதுவும் அந்த வாரங்களில் பயன்படவில்லை, துவரையும் கரி அடுப்பும்தான் எல்லாரையும் காப்பாற்றியது.

நெல்லைமகள் | ஆகஸ்ட் 17, இரவு 8.22

இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மே மாதம் வந்து சேர்ந்தோம், நாலு பேருமாக. அத்தை விமான நிலையம் வரை வந்து, மகள் கையில் கருப்பட்டிப் பொட்டலம் கொடுத்து, "பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, நான் வந்து கூட்டிட்டு வாரேன்" என்றார்கள். அவர்களுக்கு பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அந்த வார்த்தை மகளுக்கு எவ்வளவு தைரியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூன், ஜூலை குளிர். இட்லி மாவு பொங்கவே இல்லை, போர்வை சுற்றி வைத்தும் பார்த்தேன். மகள் முதல் இரண்டு மாதம் அதிகம் பேசவில்லை. இரண்டு ராத்திரி அழுதாள். தடையென்று சொல்லவில்லை, கூட உட்கார்ந்திருந்தேன். கல்லூரி ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கும் இவளுக்கும் ஆரம்பத்தில் ஒட்டவில்லை. இப்போது இருவரும் சேர்ந்துதான் மாவு மில்லுக்குப் போகிறார்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது தலையில் மாவுப் பாத்திரம் வைத்து நடக்கப் பழகியிருக்கிறாள், இன்னும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான். மொழி அவளுக்குத் தம்பியைவிட மெதுவாக வருகிறது, ஆனால் எழுதிவைத்துக் கற்கிறாள். போன ஞாயிறு பெரியவர் ஒருவருக்கு முழங்கால் மடக்கி வணக்கம் சொன்னாள், யாரும் சொல்லிக்கொடுத்து நான் பார்க்கவில்லை.

அடுத்த மே மாதம் மறுபடி கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன். காலண்டரில் அவளே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. மாணவர்களின் மனைவிமார் 12 பேர் எழுதப் படிக்க உட்காருகிறார்கள், வாரம் மூன்று நாள். அவர்கள் எனக்குச் சிச்சேவா.

அக்கா, ஒரு சந்தேகம். இங்கே இப்போது நந்தோலோ அறுப்பு. ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். உரலில் போட்டு இடித்தால் பாதி மாவாகிவிடுகிறது, மீதி தோலோடு நிற்கிறது. எப்படி உடைத்தீர்கள்?

சோம்பா அக்கா | ஆகஸ்ட் 18, காலை 4.50

மக்கா, ஒரு ராத்திரி ஊறவை. தண்ணீரை வடித்துவிட்டு, சலித்த செம்மண்ணைக் குழைத்து எல்லாப் பயறிலும் படுகிற மாதிரி பிசறி, மூடி இன்னொரு ராத்திரி வை. அப்புறம் நல்ல வெயிலில் நாலு நாள் பாயில் பரப்பிக் காயப்போடு, கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். அதற்கு முன்னால் உரலில் போடாதே. மண்ணைச் சலித்துவிட்டு, உலக்கையைத் தூக்கிக் குத்தாமல் லேசாக விட்டு விட்டு எடு. புடைக்கிற வேலையை மகளிடம் கொடு, அந்தப் பிள்ளையையும் கூட உட்காரச் சொல்.

சாம்பார் வைக்கும்போது தெருவில் சொல்லிவிடு.